வீடியோ சர்வருக்குப் பொட்டு வைத்த கதை

வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். பஸ் ஏறி ஆல்பேட்டை தாண்டிய பிறகு இறங்கித் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுத்துப் பார்த்ததுண்டு. (பூட்டித்தான் இருந்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும்.) இப்படிப்பட்டவன் கடைகளுக்குக் கேமரா மாட்டும் தொழிலுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. ஊரில் மற்ற பயந்தாங்கொள்ளிகளுக்கும் என்னைப் பிடித்துப்போயிற்று.

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது. கடலூரில் ஓர் எலெக்ட்ரிக் கடையில் வயர் இழுக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றேன். என் மனைவி செல்வி வீட்டில் ஆளுக்கொரு டிகிரி. அவள் அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். அங்கே விருந்துக்குப் போனால் அவர்கள் பேச்சு என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். நான் அப்பளத்தைச் சத்தம் வராமல் உடைத்துக்கொண்டிருப்பேன்.

செல்வியின் சித்தப்பா, சிதம்பரத்து மேலவீதியில் வெள்ளிச் சாமான் கடை வைக்க ஏற்பாடு செய்தபோது, மச்சான் சென்னையிலிருந்து பெரிய கம்பெனி ஆட்களைக் கூட்டிவருவதாகச் சொன்னார். அத்தனை பேர் நடுவில் செல்வி வாயைத் திறந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு இருக்கும்போது வெளியாளு எதுக்கு சித்தப்பா? அவுரு செஞ்சி குடுப்பாரு."

வேலை சொதப்பினால் என் பேர் கெடாது. (அந்த வீட்டில் எனக்குப் பேரே கிடையாது, கெடுவதற்கு.) கெடப்போவது அவள் வாக்கு.

சின்ன மாமனார் கேட்டது சாதாரணக் கேமரா இல்லை. "மாப்ள, பெரிய வெள்ளி விளக்கு வெச்ச அலமாரியத் தொறந்தா சைரன் அடிக்கணும். வாசக் கதவும் தானா பூட்டிக்கணும். திருடன் உள்ளயே மாட்டணும்" என்றார்.

அதற்கு வீடியோ சர்வர் வேண்டும். கேமரா படங்களை நெட்வொர்க்கில் ஏற்றி எங்கிருந்தும் பார்க்கவைக்கும் பெட்டி அது. அதன் பின்பக்கம் பச்சை நிறத்தில் ஒரு பட்டை. அதில் ஆறு ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. நான்கு ஓட்டைகளில் வெளியிலிருந்து சேதி உள்ளே வரும். இரண்டில் உத்தரவு வெளியே போகும். அலமாரிக் கதவின் சென்சார் வயர் இரண்டையும் இரண்டு ஓட்டைகளில் மாட்டவேண்டும்; கதவைத் திறந்ததும் சென்சார் அவற்றை இணைக்கும், பெட்டிக்குச் சேதி போகும். உடனே அது சைரனையும், வாசல் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டும் காந்தப் பூட்டையும் உசுப்பிவிடும். அதோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை செல்வி வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் படம் போட்டுக்கொண்டேன். சைரனை நேராக அந்த ஓட்டையில் கொடுத்தால் பெட்டி கருகும், சுமையைத் தாங்க நடுவில் ரிலே என்கிற சுவிட்ச் வைக்கணும் என்று அவள் படிப்பதற்கு முன்பே நான் சொன்னேன். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னும் பத்துப் பெட்டி மாட்டலாம்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பதினோரு தடவை சோதித்தேன். பதினோரு தடவையும் கச்சிதம். அதோடு விட்டேனா? கரண்ட் போனால் என்ன ஆவது என்று நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரி போட்டேன். யாராவது கை வைத்தால் என்ன ஆவது என்று பெட்டியை இரும்புக் கூண்டுக்குள் வைத்தேன். அந்தச் சாவி என்னிடம் இருந்தால் தொலைந்துவிடுமே என்று செல்வியிடம் கொடுக்க நினைத்தேன்.

காலையில் ஹோமம் முடிந்தது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணம் கையில் கிடைத்தது. ஆயுத பூஜைக்கு ஸ்க்ரூ டிரைவருக்கே பொட்டு வைக்கிறவன் நான், சர்வரை விடுவேனா? கூண்டைத் திறந்து மூடி மேல் ஒன்று வைத்தேன். திருப்தி வரவில்லை. வேலை செய்யப்போவது மூடியா, ஓட்டைகளா? ஆறு திருகுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு பூட்டினேன். சாவியை செல்வியிடம் கொடுத்தேன். அவள் தன் அம்மாவோடு, அதாவது என் மாமியாரோடு, வெளியே போனாள். ராசியான கைக்காரர் என்பதால் மாமியார்தான் நல்ல நேரத்தில் வலது காலை வைத்து உள்ளே வந்து முதல் கொலுசு வாங்கவேண்டும்.

மாமியார் காலைத் தூக்கினார். சைரன் அடித்தது. கண்ணாடிக் கதவு அவர் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டு 'டக்' என்று பூட்டியது.

உள்ளே முப்பது பேர். பின்வாசல் கிடையாது. ஐயர் சைரனுக்குப் போட்டியாக மந்திரத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். வெளியே மேலவீதியே கூடி, செல்போனில் படம் பிடித்தது.

"என்னா மாப்ள இது! நல்ல நேரம் முடிய இருவது நிமிசந்தான் இருக்கு!" என்று சின்ன மாமனார் என் காதில் கத்தினார்.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். விளக்கு நின்றது, ஏசி நின்றது. சைரன் நிற்கவில்லை.

"இது எவ்ளோ நேரம் அடிக்கும் மாப்ள?" என்றார் மச்சான்.

"நாலு மணி நேரம் மச்சான்." (அந்த நிலையிலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்கமாட்டேன்.)

கூண்டுச் சாவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் விரலைத் திருகித் திருகிக் காட்டினேன். மாமியார் எனக்கு ஏதோ இழுப்பு வந்துவிட்டதென்று பதறினார். செல்விக்குப் புரிந்தது. பட்டுப்புடவையோடு தெருவில் மண்டியிட்டு, கதவுக்கடியில் சாவியைத் தள்ளினாள்.

கூண்டைத் திறந்தேன். மச்சான் லேப்டாப்பை விரித்துவிட்டார். "சாஃப்ட்வேர்லதான் கோளாறு. எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேருந்து போட்டுடலாம்."

"ஒரு நிமிசம் மச்சான்" என்று அலமாரி சென்சாரின் வயரைக் கழற்றினேன். சைரன் தொடர்ந்தது. வயரே இல்லை, ஆனால் சேதி மட்டும் வந்துகொண்டிருக்கிறது! அப்படியென்றால் அந்த இரண்டு ஓட்டைக்கும் நடுவில் வேறெதுவோ பாலம் போட்டிருக்கிறது. குனிந்து பார்த்தேன். நான் வைத்த சந்தனம், பன்னீரோடு வழிந்து, ஒரு திருகிலிருந்து அடுத்த திருகுக்கு ஈரமாய் இழைந்திருந்தது.

புது வேட்டியின் முனையால் துடைத்தேன். சைரன் நின்றது. கதவு விட்டது. நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் மாமியார் வலது காலை வைத்தார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "பெட்டியில ஃபால்ட்டுன்னு சொல்லிடுங்க மாப்ள" என்று மச்சான் மெதுவாகச் சொன்னார். சொல்லியிருக்கலாம். ஆனால் செல்வி முழங்காலில் ஒட்டிய தெருமண்ணோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"பொட்டு வெச்சேன் மாமா. ஆறு ஓட்டைக்கும் தனித்தனியா. அதான் ஒட்டிக்கிச்சி."

சின்ன மாமனார் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "அந்த வெள்ளி வெளக்குக்கு எத்தினி பொட்டு வெச்சாங்க?"

"அஞ்சி."

"மெசினுக்கு ஆறா!" என்றவர், சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடையே சிரித்தது. நான் கல்லாவுக்கு அடியில் நுழைய இடம் தேடினேன்.

பந்தியில் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் அழிச்சிருந்தாலும் அது அடிச்சிக்கிட்டேதான் இருந்திருக்கும். வயரக் கழட்டிப் பாக்கணும்னு எப்பிடித் தோணுச்சி?" என்று கேட்டார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் என்னிடம் பாடம் கேட்டது அன்றுதான். அவருக்கு இலையிலேயே ஓட்டை, வயர், ரிலே எல்லாம் விளக்கினேன். (அவருடைய சாம்பார் ஆறிப்போயிற்று.) சாயங்காலமே அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க ஒரு பட்டனும் வைத்தேன். பெட்டி இன்றுவரை ஒரு முறையும் பொய்யாக அடிக்கவில்லை.

ஆனால் பொட்டு என்னை விடவில்லை. அந்த வீட்டில் எது ஓடாமல் நின்றாலும், "மாப்ள பொட்டு வெச்சாரான்னு பாரு" என்பார்கள். போன மாதம் மச்சான் மகளுக்குப் பேர் வைத்தார்கள். மாமியார் சந்தனப் பொட்டு வைத்ததுதான் தாமதம், குழந்தை வீறிட்டது. தாலாட்டினார்கள், கிலுகிலுப்பை ஆட்டினார்கள், நிற்கவில்லை. மச்சான் குழந்தையைத் தூக்கிவந்து என் மடியில் போட்டார்.

"மாப்ள, கொஞ்சம் தொடச்சி வுடுங்க. சைரன் நிக்கட்டும்."

வீடே சிரித்தது. நான் வேட்டி முனையால் நெற்றியைத் துடைத்தேன். நம்பமாட்டீர்கள், அழுகை நின்றுவிட்டது. செல்வி அத்தனை டிகிரிக்காரர்களையும் ஒரு சுற்று நிதானமாகப் பார்த்தாள்.