நாணலுக்குள் நின்ற வரவேற்புக் குழு

வீட்டுக்கு யாராவது வந்தால் வாசலுக்குப் போய், "வாங்க, உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு வயது ஐம்பதைத் தொடப்போகிறது, இந்த ஒரு காரியம் இன்னும் வரவில்லை. ஆள் வரும் சத்தம் கேட்டாலே கால் கொல்லைப்பக்கம் திரும்பிவிடும். (மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று ஒரு காரணம் எப்போதும் கைவசம் உண்டு. என் மாடுகள் குடித்த அளவு தண்ணீரை இந்த ஜில்லாவில் வேறு எந்த மாடும் குடித்திருக்காது.) இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு காலத்தில் ஒரு சங்கத்துக்கே ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள்.

எங்களுக்கு மாட்டு வண்டியில் மணல் அடிக்கும் தொழில். கொள்ளிடத்தில் இறங்கி, மண்வெட்டியால் வெட்டி, வண்டியில் ஏற்றி, கரையேற்றி, வீடு கட்டுகிறவர்கள் வாசலில் கொட்டுவோம். சீர்காழிப் பக்கம் எத்தனையோ வீட்டுச் சுவருக்குள் எங்கள் மாடுகளின் மூச்சு இருக்கிறது. ஆனால் தொழில் நிலையாக இருந்ததில்லை. ஒரு ஆட்சியில் மணல் அள்ளும் துறையைத் திறப்பார்கள், அடுத்த ஆட்சியில் மூடுவார்கள். மூடியிருக்கும் காலத்திலும் வயிறு மூடிக்கொள்வதில்லை என்பதால் நாங்கள் இறங்கத்தான் செய்வோம். ஜீப் வரும். பிடிபட்டால் வண்டியும் மாடும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயில் காயும். அதனால் கரைமேல் காசி என்று ஒருத்தன் நிற்பான். ஜீப் தெரிந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பான். அவ்வளவுதான், வண்டிகள் எல்லாம் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் படுகை நாணலுக்குள் போய்விடும்.

அந்தப் படுகை நிலம் யாருக்குச் சொந்தம் என்று எங்கள் அப்பா காலத்திலிருந்தே பண்ணைவீட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் வழக்கு. கொடி பிடித்தார்கள், மண்டை உடைந்தது, கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு முடியாததால் அங்கே யாரும் ஏர் பூட்டவில்லை. நாணல் மட்டும் யாருக்கும் பயப்படாமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே இருந்தது. பனிக்காலத்தில் அது பூத்து நின்றால், ஆற்றிலிருந்து பார்க்கிறவனுக்கு மேகம் ஒன்று களைத்துப்போய்க் கரையில் படுத்திருப்பதுபோல் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான், கையால் மணலும் செம்மண்ணும் வெட்டுகிற சின்னத் தொழிலாளிகளுக்கு உதவி செய்ய ஒரு திட்டம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். 'கட்டுமானக் கனிமச் சிறுதொழிலாளர் மேம்பாட்டு உதவித் திட்டம்' என்று பெயர். முறையான அனுமதியோடு எங்களுக்கென்று ஒரு துறை, மாட்டுக்கு இன்சூரன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றிலிருந்து கரைக்கு வண்டி ஏற சிமெண்ட் சாய்தளம்.

சாய்தளம் என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. பழைய துறையில் கரை செங்குத்தாக நிற்கும். பாரத்தோடு ஏறும்போது மாடு முன்னங்காலை மடக்கி முட்டி போட்டுத்தான் ஏறும். என் செவலைக்கு இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து, முடி முளைப்பதே நின்றுவிட்டது. இன்னொரு கோடை தாங்காது என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். தாங்காத மாட்டை எங்கே அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அதை நினைக்காமல் இருப்பதற்காகவே சீக்கிரம் தூங்கப் போய்விடுவேன்.

திட்டத்துக்கு எங்கள் வண்டிக்காரர் சங்கத்தின் தரப்பில் ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்றார்கள். கலியமூர்த்தி அண்ணனைப் போடலாம் என்றால் செல்லையன் ஒத்துக்கொள்ளவில்லை. செல்லையனைப் போடலாம் என்றால் கலியமூர்த்தி அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். இருவரும் ஆளுக்கொரு கழகம். கடைசியில் எந்தக் கழகத்திலும் இல்லாதவன் யார் என்று தேடி, மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னைக் கண்டுபிடித்தார்கள்.

"தங்கராசு எந்தக் கட்சி?"

"அவன் வாயத் தொறந்தாத்தான தெரியும்."

"அப்ப அவனையே போடு."

இப்படி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் நான்.

சென்னையிலிருந்து திட்ட அதிகாரி ஒரு அம்மா நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. காலையில் பனி விலகுவதற்குள் நாங்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமாம். தடபுடலாக ஏற்பாடு செய்தோம். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து (எந்த வர்ணம் என்பதில் இரண்டு கழகத்துக்கும் தகராறு வந்து, கடைசியில் கத்தரிப்பூ நிறம்), கழுத்தில் சலங்கை கட்டினோம். ஆற்று மணலில் மேஜை போட்டு விரிப்பு விரித்து இளநீர் வைத்தோம். நான் மாலை போட்டு, திட்டத்தின் முழுப் பெயரையும் சொல்லி வரவேற்க வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் 'கனிமம்' என்ற இடத்தில் நாக்கு நாலுமுறை வழுக்கிற்று.

"அவங்க வர்றது நமக்கு எப்புடித் தெரியும்?" என்று செல்லையன் கேட்டான்.

"காசி கரைமேல நிக்கட்டும். ஜீப் தலை தெரிஞ்சதும் ஒரு விசில் அடிச்சிருடா காசி, நாங்க மாலையோட ரெடியா நிப்போம்" என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அத்தனை தலை இருந்த இடத்தில் ஒரு தலைக்குக்கூட அது உறைக்கவில்லை.

அன்று காலை அப்படி ஒரு பனி. ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மாடும் தலையை அசைக்கும்போது பனிக்குள் எங்கோ சலங்கை சிணுங்கும், அடங்கும். என் வண்டியில் ஈர மணல் பாதி ஏற்றியிருந்தது. அதன்மேல் சாய்ந்து, மடியில் மாலையை வைத்துக்கொண்டு, "கட்டுமானக் கனிம, கட்டுமானக் கனிம" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி தூங்காதவன். அந்த முணுமுணுப்பே தாலாட்டாகி எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியாது.

கனவில் சாய்தளம் வந்தது. வெண்ணெய்போல வழவழவென்று, ஆற்றிலிருந்து நேராக மேகத்துக்குள் ஏறிப் போயிற்று. என் செவலை முட்டி போடாமல், மாப்பிள்ளை நடைபோல நடந்து ஏறியது. மேலே ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "வாங்க தங்கராசு" என்றார். எனக்கு வெட்கமே இல்லை. வாயைத் திறந்தால் பெயர் முழுசாக வருகிறது. யாரோ விசில் அடித்து என்னைப் பாராட்டுகிறார்கள். வண்டி ஆடி ஆடி ஏறுகிறது. மேகம் முகத்தை வருடுகிறது. மேகத்துக்கு இவ்வளவு சொரசொரப்பு உண்டா என்று யோசித்தபோதுதான் விழித்தேன்.

முகத்தில் நாணல்.

சுற்றிலும் பார்த்தேன். எங்கள் வண்டிகள் அத்தனையும் நாணலுக்குள் நின்றன. கலியமூர்த்தி அண்ணன் தன் மாட்டின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு காசி. விசில் அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவனும் கரையிலிருந்து குதித்து ஓடிவந்துவிட்டான்.

"என்னண்ணே ஆச்சு?" என்றேன்.

"ஜீப்பு வந்துருச்சுடா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. பொத்திய கையை மெதுவாக எடுத்தார்.

வெளியே ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. மணலில் மேஜை, விரிப்பு, இளநீர், ஒற்றைச் செருப்பு. ஆள் இல்லை. ஒரு அம்மா இறங்கி, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். அவரோடு வந்த எங்கள் ஊர் வி.ஏ.ஓ., "இவனுங்க இப்படித்தான் மேடம். கிளம்பிடலாம். அடுத்த ஊர்ல செங்கல் சூளைக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கே குடுத்துடலாம்" என்றார்.

நாணலுக்குள் வரவேற்புக் குழு கூடியது.

"செல்லையா, நீ போய்ச் சொல்லுடா."

"எங்க கட்சி ஆளு மொதல்ல ஓடுனான்னு பேர் வாங்கணுமா? நீங்க போங்க."

"மொதல்ல ஓடுனது உன் வண்டிதான."

"உங்க வண்டிக்குப் பின்னாடிதான் வந்தேன்."

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். இரண்டு கழகமும் ஒத்துப்போனதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"ஒருங்கிணைப்பாளர் இருக்கும்போது நாம பேசுனா மொறையில்ல" என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

ஜீப்பின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் செவலையின் முட்டியைப் பார்த்தேன். அப்புறம் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மாடுகளோடு போனால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரு அடி நகரவில்லை. ஜீப் உறுமுகிறவரை அவை வெளியே வரா. அப்படித்தானே பழக்கியிருந்தோம்.

நான் மட்டும் வெளியே வந்தேன். புது வேட்டியின் ஓரம் முள்ளில் மாட்டிக் கிழிந்து பின்னால் வால்போல இழுபட்டது. மனப்பாடம் செய்த பெயர் முழுவதும் நாணலிலேயே தங்கிவிட்டது.

"மேடம், வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லுங்க." பொதுவாழ்வில் நான் பேசிய முதல் வாக்கியம் இது.

"ஏன்?"

"மாடு பயப்படுதுங்க."

"மாடு மட்டுமா?"

"மாட்டோட... நாங்களும் கொஞ்சமா."

அந்த அம்மாவின் பார்வை என் கைக்கு வந்தது. "அது என்ன?"

குனிந்து பார்த்தேன். நான் தூங்கியபோதோ, கூட்டம் நடந்தபோதோ, பூவையெல்லாம் யாரோ தின்றிருந்தார்கள். நாரும் ஜரிகையும்தான் மிச்சம். "மாலைங்க" என்றேன்.

டிரைவர் ஜீப்பை நிறுத்தினார். ஆறு முழுக்க அமைதி. பிறகு பனிக்குள் ஒரு சலங்கை சிணுங்கியது. நாணல் விலகி, கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு கொம்பு எட்டிப் பார்த்தது. அதன்பின் இன்னொரு ஜோடி. பூத்த நாணலிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல், மிதந்து வருவதுபோல வந்தன. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எனக்கும் நான் விழித்துவிட்டேனா என்ற சந்தேகம் வந்தது.

"எதுக்கு ஓடினீங்க?" என்று கேட்டார்.

"மாடு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு மேடம்" என்றான் செல்லையன்.

"எல்லா மாடுமா?"

"ஒத்துமையா இருக்கும் மேடம்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துக் கேட்டதுதான் எங்களுக்கு வினையாயிற்று. "இவ்வளவு வண்டியும் அவ்வளவு சீக்கிரமா எப்படி மேல ஏறிச்சு? காட்டுங்க." கேட்டதோடு நிற்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாணலுக்குள் நடந்தார். பின்னாலேயே வி.ஏ.ஓ.வும் நடந்தார். உள்ளே, வருஷக்கணக்காக எங்கள் சக்கரம் தேய்த்த பாதை, வழக்கு நிலத்தின் ஓரமாகப் புறம்போக்கில், ஒரு முட்டியும் நோகாத சரிவாக ஏறிக் கரையில் போய்ச் சேர்ந்தது. தினமும் அதில் போனால் ஒளியும் இடம் தெரிந்துவிடும் என்று, ஜீப்புக்குப் பயந்து ஓடும்போது மட்டும்தான் அதை மிதிப்போம்.

"இதுவழியாத்தானா?" என்று மெல்லிய குரலில் கேட்டார் வி.ஏ.ஓ. ஜீப்பில் வந்து எங்களைத் தவறவிட்ட எத்தனையோ விடியற்காலைகள் அவர் முகத்தில் வந்து போயின. கலியமூர்த்தி அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"பழைய துறை வேண்டாம். சாய்தளம் இங்கேதான் வரணும்" என்றார் அந்த அம்மா.

நாணலை வெட்டினார்கள். சிமெண்ட் போட்டார்கள். பெரிய போர்டு வைத்து விளக்குக் கம்பமும் நட்டார்கள். செவலை அதில் பல கோடை நடந்து ஏறியது. முட்டியில் முடி முளைத்தது. ஆனால், கொள்ளிடக் கரையில் நாங்கள் ஒளிவதற்கு இருந்த ஒரே இடத்தை அரசாங்கச் செலவில் வெளிச்சம் போட்டுக் கொடுத்ததும் எங்கள் சங்கம்தான்.

அடுத்து ஆட்சி மாறியது. அனுமதி இருக்கும்போதே ஒருநாள் ஜீப் வந்து, துறையை மூடு என்றார்கள். நாங்கள் ஓடவில்லை. வண்டிகளோடு சாய்தளத்திலேயே நின்று, காகிதத்தைக் காட்டி, நாள் முழுக்க வாதாடினோம். நானும் இரண்டு வாக்கியம் பேசியதாகச் சொல்கிறார்கள். ஜீப் திரும்பிப் போயிற்று. மணல் வண்டிக்காரர்களுக்கு வீரம் வந்துவிட்டது என்று ஊரில் இன்றும் பேச்சு உண்டு.

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் கதையைப் பெருமையாக எடுக்கும்போதெல்லாம் என் மனைவி வசந்தா காபியை ஆற்றிக்கொண்டே சொல்வாள்: "வீரமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஓடி ஒளியத்தான் பாத்தாங்க. எடம் இல்ல."

அதைக் கேட்க நான் அங்கே இருப்பதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பேன்.