அடுப்போடு ஒரு தலைதீபாவளி

எண்பதுகளிலேயே மலேசியாவில், ஈப்போ பேக்டரி ஒன்றில், கம்ப்யூட்டருக்கு மூளை செய்தவன் நான். பொய். மூளையை யாரோ செய்தார்கள்; நான் அடுப்பில் வைத்தேன். (தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவனிடம் வேறு எதைக் கொடுப்பார்கள்?)

அந்த மூளைச் சிப்புகளை ஒரு வாரம், அடுப்புக் கதவைத் திறக்காமல், கரண்ட் கொடுத்துச் சூட்டிலேயே ஓடவிட வேண்டும். "சாவுறது இங்கயே சாவட்டும். வாங்குனவன் வீட்ல போயி சாவக்கூடாது" என்பார் சூப்பர்வைசர் மணியம் அண்ணன்.

அந்தத் தடவை வாரம் முடிவது தீபாவளிக்கு முந்தின நாள் மதியம். மாலை பஸ்ஸில் மாமனார் தோட்டத்துக்குப் போக வேண்டும். எனக்குத் தலைதீபாவளி. கல்யாணமாகியும் சரோஜா அங்கே; நான் பேக்டரிக்குப் பக்கம் குனோங் ராபாட்டில் வாடகை அறையில், சுவரோடு பேசிக்கொண்டு.

அன்று காலையே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பு ரப்பர் தோட்டத்தில் நான் புகைக் கொட்டகை ஆள். தொங்குகிற ரப்பர் ஷீட்டுகளைத் தினமும் திறந்து பார்த்து, தொட்டு, திருப்பிப் போடாதவன் சோம்பேறி. கை சும்மா இருக்குமா? அடுப்பைத் திறந்தேன். தட்டுகளைத் திருப்பி வைத்தேன். பெருமையாகப் போய்ச் சொல்லவும் செய்தேன்.

"அண்ணே, எல்லாம் நல்லா காஞ்சிருச்சு!"

மணியம் அண்ணன் கடித்த கறிபாப் வாயிலேயே நின்றது. "தொறந்தியா?"

"திருப்பியும் போட்டேண்ணே."

"டேய், இது என்ன ரப்பர் ஷீட்டாடா? சூடு போச்சு லா! இனி மொதல்லேர்ந்து ஒரு வாரம். காவலுக்கு யாரு நிப்பா?"

"யாருண்ணே?"

"நீதான் மாப்ள."

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டைமேல் வெள்ளை அங்கி மாட்டி, ஜன்னலில்லாத அந்த அறையில் உட்கார்ந்தேன். ஊரே வெடித்த வெடியில் ஒன்றுகூட உள்ளே கேட்கவில்லை. அடுப்பு மட்டும் 'ம்ம்' கொட்டியது. அதற்கே வாழ்த்துச் சொன்னேன். பிறகு, மாமனார் கடைசி பஸ் வரை ரோட்டில் நின்றிருப்பாரே என்று நினைத்தேன். (கண்ணில் தண்ணீர். சூடு அப்படி.)

ஒரு வாரம் கழித்து மாமனாரின் லயத்து வீட்டு வாசலில் நின்று, மூடிய கதவிடம் முழுக்கதையும் சொன்னேன்.

உள்ளேயிருந்து சரோஜா: "தொறக்க மாட்டேன். சூடு போயிரும்."

அப்புறம் எப்படி உள்ளே போனேன் என்றால்... இருங்கள், அடுப்படியிலிருந்து சரோஜா கூப்பிடுகிறாள்.

"என்னாங்க! இட்லிச் சட்டிய யாரு தொறந்தது? மொதல்லேர்ந்து ஒரு வாரமா?"

"இதோ வாரேன் சரோ! நான் தொறக்கல, சும்மா பாத்தேன்..."