வெள்ளைக்கருவில் ஓடிய டிரான்சிஸ்டர்

"மாமா, ஃப்ரிட்ஜ்ல ஒரு பாட்டில் இருந்துச்சே, பார்த்தீங்களா?"

"ஆம்லெட் போட்டுட்டேன்மா. டாக்டர் எனக்கு வெள்ளைக்கரு மட்டும்தானே சாப்பிடச் சொல்லியிருக்காரு?" என்றார் மாமனார். "ஆனா உப்பே இல்லை, சப்புன்னு இருந்துச்சு."

அவர் சாப்பிட்டு ஏப்பம் விட்டது மருமகளுடைய வேலையை. முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசி, அதன்மேல் கரிமக் குறைகடத்தியைப் படியவைத்து டிரான்சிஸ்டர் என்னும் நுண்ணிய மின் ஸ்விட்ச் செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. இதுவரை செய்தவையெல்லாம் ஏகப்பட்ட மின்னழுத்தம் கொடுத்தால்தான் அசைந்தன. நாளை ஆய்வகத்துக்கு வரும் மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் சின்ன டார்ச் பேட்டரியில் ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கணவன் ஓடிப்போய் முட்டை வாங்கி வந்தான். "நானே பிரிச்சுத் தர்றேன்."

"மஞ்சள் ஒரு சொட்டு கலந்தாலும் அவ்வளவுதான்..."

அவள் வாய் மூடுவதற்குள் மூன்று மஞ்சள் உள்ளே விழுந்தன. கரண்டியால் எடுக்கப்போய் மூன்றையும் உடைத்தான். அவள் போட்ட சத்தத்தில் பதறித் திரும்பியவனின் முழங்கை பட்டு மிச்ச முட்டைகளும் தரையில்.

இரண்டாம் தடவை அவளே போய் வாங்கினாள். அவளே பிரித்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, 'தொடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டினாள். மாமனார் முகம் சுருங்கிவிட்டது.

"யாருக்கும்மா இது?"

"நாளைக்குப் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க மாமா. அவங்களுக்கு இது பிடிச்சாத்தான் என் வேலை நிலைக்கும்."

"இப்படியேவா கொடுக்கப்போறே?"

அதற்குள் அவள் தரையைத் துடைக்கக் குனிந்துவிட்டாள்.

மறுநாள் ஆய்வகத்தில், பூசி உலர்த்திய கண்ணாடித் துண்டில் டார்ச் பேட்டரியை இணைத்தாள். இணைத்ததும் டிரான்சிஸ்டர் ஓட, ஓரத்திலிருந்த குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இத்தனை நாள் ஓடாதது இன்னைக்கு எப்படி ஓடுது?" என்றார் குழுத் தலைவர்.

அவளுக்கே தெரியாது. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் முந்திக்கொண்டு, எல்லாம் புரதத்தின் மடிப்புகள் செய்யும் வேலை என்று பலகை நிறைய வரைந்து தள்ளினார். குழு தலையாட்டியது. வேலை நிரந்தரம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அழுகையும் சிரிப்புமாக விஷயத்தைச் சொன்னாள். கணவன் குதித்தான். மாமனார் மட்டும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. காலையில நீ குளிக்கப் போனப்போ அந்தப் பாட்டில்ல ரெண்டு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வச்சேன். அவங்களுக்குச் சரியா இருந்துச்சா?"