ஆம்பூரில் ஆறு நிமிஷம் முந்தி இறங்கிய சூரியன்

ஆம்பூர்,
1938 டிசம்பர் 6, செவ்வாய்.

வாலாஜாபேட்டையில் சைக்கிள் கடை வைத்து நாலு பேருக்கு நல்லவராய் இருக்கும் மாமா கோதண்டராமன் அவர்களுக்கு, உங்கள் சம்சாரத்தின் தம்பி கன்னியப்பன் கைகட்டி நின்று எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காளும் குழந்தையும் உடம்புக்கும் மனசுக்கும் ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். என் மனசை மட்டும் கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

மாமா, நம்ம ஸ்டேசனை மூடிவிட்டார்கள். ரயில் ஸ்டேசன் இல்லை, ரேடியோ ஸ்டேசன். போன தடவை வந்தபோது "ஒரு பொட்டியும் நாலு கொழாயும் வெச்சிக்கினு இதுக்குப் பேரு ஸ்டேசனாடா?" என்று சிரித்தீர்களே, அதேதான். வாசகசாலையின் பின்கட்டு அறை, மெட்ராஸைப் பிடிக்கிற ஒரு பெட்டி, ஒரு மைக், வாரத்துக்கு ஒரு தடவை வேலூருக்கு ரயிலேறிப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருகிற பாட்டரி, அங்கிருந்து கம்பி இழுத்துக் கடைத்தெருவில் ஒரு ஸ்பீக்கர் குழாய், சர்ச் முனையில் ஒன்று, ஆற்றோரம் தோல் பதனிடும் ஷாப்புகளில் இரண்டு. அவ்வளவுதான். ஆனால் மெட்ராஸ் பேசாத நேரத்தில் நாங்கள் பேசுவோம். நானும் என் தோஸ்த் முக்தார் அகமதுவும். யாருடைய ஆடு காணோம், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து யார் திரும்பி வந்தார் எல்லாம் சொல்வோம். வெள்ளிக்கிழமை குர்ஆன் ஓதுவார்கள், ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சௌந்தரம் ஞானப்பாட்டு பாடும். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரைக்கும் வெள்ளையாய் நிற்கிற ஆட்கள் தோலைப் புரட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிக் கேட்பார்கள். நாலாவது பாரத்தில் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியார்கூட, "நம்ம கன்னியப்பன் பேசறான்" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நான் வாங்காத பேர் அது.

கஷ்டமும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாள் மைக்கை மூட மறந்துவிட்டேன். வாசகசாலைத் தலைவர் அப்துல் வஹாப் பாய், தோல் மண்டி வைத்திருக்கிறாரே அவர்தான், தன் மருமகனைத் திட்டியது நாலு குழாயிலும் போய்விட்டது. சாயங்காலம் பஜாரில் பார்த்தவன் எல்லாம் அந்த மருமகனிடம் "இன்னாப்பா, மாமனார் சமாதானம் ஆய்ட்டாரா?" என்று கேட்டான். அது ஓய்ந்த அடுத்த மாதம், ஆற்றோரப் புளியமரத்தில் குழாயைத் திருப்பிக் கட்டப்போய் முக்தார் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டார்கள். நடப்பானா மாட்டானா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஸ்டேசனில் நான் தனி ஆள்.

இந்த நேரத்தில் ரம்ஜான் வந்தது. பள்ளிவாசல் பாங்கு ஆற்றோரத் தோல் ஷாப் வரைக்கும் கேட்காது. அதனால் ஓர் ஏற்பாடு: பொழுது இறங்கினதும் மோதினார் குர்ஷித் பாய் மினாராவில் பச்சை விளக்கை ஏற்றிவிட்டுப் பாங்கு சொல்வார். எங்கள் ஜன்னலிலிருந்து விளக்கைப் பார்த்த உடனே நான் மைக் முன்னால் தண்டவாளத் துண்டில் மூன்று அடி அடிப்பேன். குழியோரத்தில் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பவன் நோன்பு திறப்பான். இருபத்திரண்டு நாள் தப்பில்லாமல் அடித்தேன் மாமா. இருபத்து மூன்றாவது நாள் மழை கொட்டுகிறது, வானம் கறுப்பு, மினாராவே கண்ணுக்குத் தெரியவில்லை. பெட்டியில் மெட்ராஸ் சன்னமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒருவர், நோன்பு திறக்கும் நேரமாகிவிட்டது என்கிறார். ஐயையோ, மழையில் விளக்கு அணைந்துவிட்டது போல, ஜனங்கள் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று பதறிப்போய் மூன்று அடி அடித்தேன். என்றைக்கும் இல்லாத பலத்தோடு அடித்தேன்.

மழைச் சத்தத்தில் பள்ளிவாசல் பக்கம் இருந்தவர்களும் குழாயை நம்பி வாயில் போட்டார்கள். ஆறு நிமிஷம் கழித்து மழை கொஞ்சம் விட்டது. அப்போதுதான் குர்ஷித் பாய் நிதானமாகப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார். ஊரே வாயில் பழத்தோடு அப்படியே நின்றது.

முதலில் ஓடி வந்தவர் அப்துல் வஹாப் பாய்தான். கையில் கடித்த சமோசா, கன்னத்தில் மீதி. முழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் கத்தினார்.

"டேய், இன்னாடா பண்ட்டே?"

"மெட்ராஸ்ல சொன்னாங்க பாய். ரெண்டு ஊருக்கும் ஒரே சூரியன்தானே?"

"ஒரே சூரியன்தான்டா பேமானி! அது மெட்ராஸ்ல இறங்கிட்டு அப்பால தான்டா இங்க வரும், மெயில் வண்டியாட்டம்!"

நான் பள்ளிக்கூடத்தை விட்ட மாதம்தான் அந்தப் பூகோளப் பாடத்தை ஆரம்பித்தார்களாம். பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பாய் திட்டியது எனக்குப் பெரிதில்லை. அந்த நோன்பு கணக்கில் சேராது, ரம்ஜான் முடிந்த பிறகு ஒவ்வொருவரும் அதற்குப் பதிலாக இன்னொரு நாள் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் பரவாயில்லை. மறுநாள் காலையில் முக்தாரின் அம்மா சுகரா பேகம் வீட்டுக்குப் போனேன். காலா என்றுதான் கூப்பிடுவேன், சித்தி என்று அர்த்தம். காலா தொப்பி தைத்துக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வாடா. அங்கயே நின்னா போன நேரம் திரும்பி வந்துருமா?"

"காலா, தெரியாம பண்ட்டேன்."

"காய்ச்சலுடா எனக்கு, மூணு நாளா. ஹகீம் வைத்தியரு நோன்பு புடிக்காதேன்னாரு. எம்மவன் எழுந்து நடக்கணும், ஒண்ணுகூட விடமாட்டேன்னு புடிச்சிக்கினு வந்தேன்." அப்புறம் ஊசியில் நூலைக் கோத்தது. இரண்டு தடவை தவறியது. "சரி போ. சாப்ட்டியா?"

திட்டியிருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன் மாமா. அந்த ஒரு கேள்வியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெருநாள் கழிந்ததும் வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். மைக் வேண்டாம், மெட்ராஸ் பெட்டி மட்டும் போதும், குழாய்களைக் கழற்றிவிடலாம் என்று முடிவு. என்னை நம்பித்தான் ஜனங்கள் வாயில் வைத்தார்கள், இனிமேல் எந்த மூஞ்சியோடு "ஆடு காணோம்" என்று சொல்வேன்? கம்பியை நானே சுருட்டினேன். நேற்று ஆற்றோரம் போனேன். நாங்கள் பேசுகிற நேரத்துக்குக் குழியில் நின்ற ஆட்கள் தலையைத் தூக்கிப் புளியமரத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் காதில் விழாததால் மறுபடி குனிந்து தோலைப் புரட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு இந்த ஊரில் என்னால் இருக்க முடியாது. ஆகையால், போன வருஷம் கூப்பிட்டபோது நான் வேண்டாம் என்ற அதே கடைக்கு இப்போது வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வந்து இறங்குவேன். பஞ்சர் ஒட்டுகிறேன், காற்றடிக்கிறேன், எதிர்த்துப் பேச மாட்டேன். ரேடியோ என்ற பேச்சை மட்டும் என் காதில் போட வேண்டாம்.

அக்காளை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைக்கு என் பேரால் ஒரு முத்தம் கொடுக்கவும். உங்கள் கடை வாசலில் நிற்கிற சைக்கிள் எல்லாம் வாடகைக்குப் போய் நல்லபடி திரும்பி வரட்டும்.

இப்படிக்கு, சொன்ன பேச்சைக் கேட்கப்போகும்
கன்னியப்பன்.

பின்குறிப்பு: வியாழக்கிழமை. இன்னும் இதைத் தபாலில் போடவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை மாமா, பஞ்சர் ஒட்ட வேறு ஆளைப் பாருங்கள். நேற்று சுகரா காலா அப்துல் வஹாப் பாயை முன்னால் விட்டுக்கொண்டு நேரே வாசகசாலைக்கே வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு நாள் பிடிப்பதில்லையாம், எல்லாரும் சேர்ந்து தவறவிட்டதை எல்லாரும் சேர்ந்து இன்றைக்கே பிடிக்கிறார்களாம். "தட்டறதுக்கு ஆளு எங்கடா?" என்று கேட்டது. "வேற யாரையாச்சும் தட்டச் சொல்லு காலா" என்றேன். "ஏன், வேற யாரு எங்களுக்குத் தப்பாத் தட்டுனது?" என்றது. பாய் என் பக்கம் திரும்பி, "மெட்ராஸ் பொட்டிய மட்டும் தொறந்தே, கைய ஒடச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, கம்பியின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். ராத்திரிக்குள் நாலு குழாயும் ஏறிவிட்டன. நானும் இன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான். இப்போது மணி ஐந்தரை. வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வருகிறது, வரிக்கு ஒரு தரம் ஜன்னலில் மினாராவைப் பார்க்கிறேன். சற்று முன்னால் காலா எட்டிப் பார்த்து, நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "மெதுவாத் தட்டுடா. லேட்டானா ஒண்ணும் கெட்டுப் போவாது. நாங்க உக்காந்திருப்போம்."