மைனஸ் சார் வைத்த பேனர்

பூந்தமல்லியில் புறப்பட்டு ஆவடி வழியாக அம்பத்தூர் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், பிள்ளைகளின் மனசைப் பற்றி மைனஸ் சார் அளவுக்கு ஒன்றுமே தெரியாத இன்னொரு வாத்தியாரைக் கண்டுபிடிக்க முடியாது. இது என் ஒருவனுடைய கருத்தல்ல. எங்கள் மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை முதல் சத்துணவு ஆயா வரை எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். கணக்கு சரியாக வந்தாலும் "கையெழுத்து கோணல்" என்று அரை மார்க்கைப் பிடுங்குவார். பெயர் வந்தது அப்படித்தான். நான் அதே பள்ளியில் தமிழ் வாத்தியார். ஸ்டாஃப் ரூமில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என் தலையில் எழுதியிருந்தது.

எங்கள் இருவரையும் மாணவர் மனநலப் பயிற்சி என்று இரண்டு நாள் அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்த பெண், கண்ணை மூடி மனசுக்குள் ஓர் அருவியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். பாதிப் பேர் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டோம். கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அட்டை கொடுக்கச் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தால் பச்சை, மனசு சரியில்லை என்றால் சிவப்பு. காலையில் மேசை மேல் வைக்க வேண்டும். சிவப்பு வைத்தவரை அன்று கஷ்டப்படுத்தக் கூடாது.

மைனஸ் சார் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். பச்சை வைத்தவர்களுக்கு மட்டும் டெஸ்ட் வைத்தார். ஒரே வாரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவில் சந்தோஷம் பூண்டோடு ஒழிந்தது.

பாடத்தைப் பிள்ளைகளின் பண்பாட்டோடு இணைக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. நாங்கள் அட்டையில் ஏரும் உழவு மாடும் செய்து சுவரில் ஒட்டினோம். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் செம்பரம்பாக்கம் குடோன்களில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள். "மாட்டுக்குப் பின்னாடி கீதே, அது இன்னா சார், ஜிம் ஐட்டமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

மைனஸ் சார் ஃப்ளெக்ஸ் பேனரைப் பிடித்துக்கொண்டார். காதுகுத்தோ கிரிக்கெட்டோ, எங்கள் பக்கம் பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. பேனரில் மூஞ்சி இல்லாதவன் ஊரிலேயே இல்லாதவன். பதினோரு பேரில் நாலு பேரை முதல் வரிசையில் எத்தனை விதமாக நிறுத்தலாம் என்று போர்டில் போட்டார். போன வருடமே புரிந்திருக்க வேண்டிய கணக்கு அன்றைக்குத்தான் வகுப்புக்குப் புரிந்தது.

அந்த வகுப்பில் பரத் என்று ஒருவன். காணும் பொங்கலுக்குப் பிறகு ஆளைக் காணோம். ஏற்கெனவே வருகை குறைவு. இன்னும் மூன்று நாள் வராவிட்டால் பொதுத்தேர்வு எழுத முடியாது. தலைமையாசிரியை விதிப்படி மனநல ஆலோசகருக்கு இணையத்தில் விண்ணப்பித்தார். 'மாணவரின் இன்றைய அட்டை நிறம்' என்ற கட்டத்தை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வராத பையனுக்கு எங்கிருந்து நிறம்? விண்ணப்பம் அங்கேயே நின்றுவிட்டது.

மைனஸ் சார் என்னையும் இழுத்துக்கொண்டு பருத்திப்பட்டில் அவன் வீட்டுக்கே போனார்.

"ஏன்டா வர்ல?"

"குடோன் வேலைக்குப் போறேன் சார். படிப்பு வேணாம்."

"ஏன்னு கேட்டேன்."

பரத் தரையைப் பார்த்தான். "செமி ஃபைனல்ல ஒரு கேட்ச் உட்டேன் சார். ஃபைனல் பேனர்ல என் மூஞ்ச எட்த்துட்டானுங்க. எல்லாம் நம்ம கிளாஸ் பசங்க. ஆறாவதுலருந்து ஒண்ணா சுத்திகினு கீறோம்." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

நான் ஆறுதலுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மைனஸ் சார், "நல்ல போட்டோ ஒண்ணு கீதா? என் போனுக்கு அனுப்பு" என்று சொல்லி எழுந்துவிட்டார். அழுகிற பிள்ளையிடம் போட்டோ கேட்ட மனிதரோடு வழியெல்லாம் நான் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, அட்டைத் திட்டத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அளவெல்லாம் சரியாக இருக்கும் என்று வரவேற்பு பேனரை மைனஸ் சாரிடம் ஒப்படைத்திருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் பள்ளி வாசலுக்குள் பத்தடிக்கு எட்டடி பேனர். நடுவில் கூலிங் கிளாஸோடு ஆளுயர பரத். கீழே வரிசையாகச் சின்னச் சின்னதாகக் கிரிக்கெட் கூட்டாளிகள். மூலையில் தபால்தலை அளவில் அதிகாரி.

அதிகாரி காரைவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார். "யாருங்க இவரு, கவுன்சிலரா?"

"இல்ல சார், ஆப்சென்ட்" என்றார் மைனஸ் சார்.

தலைமையாசிரியை அதிகாரியை அவசரமாக உள்ளே அழைத்துப் போனார். அதற்குள் பேனர் ஊரில் எல்லார் செல்போனுக்கும் போய்விட்டது. முதல் பீரியடு முடிவதற்குள் பரத் சீருடையில் வந்து அதன் முன்னால் நின்றான். கூட்டாளிகள் வகுப்பிலிருந்து ஓடி வந்தார்கள்.

"மாமே, எங்கள இன்னாடா தம்மாத்தூண்டு போட்டுட்டாரு?" என்றான் ஒருவன். பிறகு அவனே பரத்தின் தோளில் கையைப் போட்டு, "சரி வா மச்சான். அது கஷ்டமான கேட்ச்தான்" என்றான்.

மைனஸ் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "பாத்தாச்சில்ல? உள்ள போங்க. டெஸ்டு."

பரத் போனான். அன்றைய டெஸ்டில் அவனுக்கும் அரை மார்க் போனது. பொதுத்தேர்வை எழுதித் தேறியும் விட்டான்.

மைனஸ் சாருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மே மாதம் மாறுதலும் வந்தது. பிரிவு விழா கூடாது என்று சொல்லிவிட்டார். பரத் கூட்டம் சும்மா இருக்குமா? பேனர் அடிக்கக் கிளம்பினார்கள். மனிதர் ஒரு போட்டோவுக்கும் நின்றதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நடுவில் ஒரு வட்டத்தைக் காலியாக விட்டு, கீழே 'எங்கள் மைனஸ் சார்' என்று எழுதி, சுற்றிலும் வகுப்பு மொத்தமும் நின்றது. அவர் போன பிறகு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பேனரில் பிள்ளைகளுக்கு நடுவே வழுக்கைத் தலையோடு ஒரு மூஞ்சி இருக்கும். நான்தான். பசங்களிடம் கெஞ்சிக் கேட்டுப் போட்டுக்கொண்டேன்.