எத்திராஜ் காது கொடுத்த கதை

குரோம்பேட்டையில் பைக் விற்கிற எத்திராஜுக்கு நாற்பத்தாறு வயதில் உலகத்தைத் திருத்தும் ஆசை வந்துவிட்டது. தினமும் யார் தலையிலாவது ஒரு வண்டியைக் கட்டி அனுப்பி அலுத்துப்போச்சு மனுஷனுக்கு. வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. படிப்பது, சமூகப்பணியில் இறங்கி நாலு பேர் கண்ணீரைத் துடைப்பது என்று முடிவெடுத்தார். முடிவெல்லாம் பிரமாதம்தான். பெண்டாட்டியிடம் யார் சொல்வது?

ஜோதிலட்சுமி ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறவள். ஒருத்தர் சம்பளத்தில் குடும்பத்தைத் தள்ளிவிடலாம். இரண்டும் நின்றால் கதை கந்தல். ஆக, படிக்கப் போனால் ஒருவர்தான் போகலாம். அது தான்தான் என்று அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கல்லூரியில் சேர நடக்கும் நேர்காணலுக்காக அவர் ஒளிந்து ஒளிந்து பார்த்த யூடியூப் பாடத்தில் வழி கிடைத்தது. எதிரில் இருப்பவர் பேசினால் குறுக்கிடாதே, புத்தி சொல்லாதே. சொன்னதையே திருப்பிச் சொல், அவர் முடிவை மதி. இதை ஜோதியிடமே பழகினால் பயிற்சியும் ஆச்சு, அவள் மனசும் இளகும்.

அன்று ஜோதி, கீழ்க்கட்டளை அக்கா வீட்டு விசேஷத்தில் தன்னைச் சாப்பிடக்கூட யாரும் கூப்பிடவில்லை என்று புலம்பினாள். வழக்கமாக டிவியைப் பார்த்தபடி "ம்" போடுகிறவர், டிவியை அணைத்தார். உனக்கு அது வருத்தமா இருந்துச்சு, அப்படித்தானே என்றார். ஜோதி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அப்புறம் தினமும் பேசினாள். நடுநடுவே, ஷோரூமில் எப்படிப் போச்சு, மனசுக்கு எப்படி இருந்துச்சு என்று அவரையும் கேட்டாள். அடடா, கனிந்துவிட்டாள் என்று பூரித்துப்போனார் எத்திராஜ்.

ஞாயிற்றுக்கிழமை வவ்வால் மீன் வறுவலோடு சாப்பாடு. இதைவிட நல்ல நேரம் வராது என்று தொண்டையைச் செருமினார். ஜோதி முந்திக்கொண்டாள்.

"ஏங்க, கணக்கு பார்த்தது போதும்னு இருக்கு. வேலையை விட்டுட்டு எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போறேன்."

மீன் தொண்டையிலேயே நின்றது. அது என் ஆசைடி என்று கத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் பழக்கம் நாக்கில் ஊறிக் கிடந்ததே, பாவி நாக்கு.

"வேலையை விட்டுட்டுப் படிக்கணும்னு உனக்கு ஆசை. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"உன் முடிவை நான் மதிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள், குழம்புக் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்த எதிர்வீட்டுக் கிறிஸ்டினா வாசலில் நின்று கேட்டுவிட்டாள். இப்படியும் ஒரு புருஷனா என்று அவள் உருகிய உருக்கத்தில், சாயங்காலத்துக்குள் அடுக்குமாடி முழுக்கச் சேதி பரவியது. லிஃப்டில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி எந்த முகத்தோடு வாபஸ் வாங்குவது?

மறு வாரம் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நேர்காணல். பைக்கில் கொண்டுபோய் விட்டவரும் அவரே. கேட்டுக்கு வெளியே வயிறெரிய நின்றார். ஜோதி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள், சீட் கிடைத்துவிட்டது என்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! எரிந்த வயிறு எங்கே போனதோ, அவருக்கும் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

கணக்கு பார்க்கிறவளுக்கு இதில் என்ன அனுபவம் என்று கேட்டிருப்பார்களே என்று விசாரித்தார்.

"கேட்டாங்க. வீட்டுலயே ஒருத்தரைப் பார்த்துக்கிட்டு வர்றேன்னு சொன்னேன். செய்யற வேலை அவருக்குப் பிடிக்கல. இதே படிப்பைப் படிக்க ஆசை, வாயைத் திறந்து சொல்லத்தான் பயம். நானும் தினம் பேச வைக்கப் பார்க்கறேன்னேன்."

எத்திராஜ் சாவியைத் திருக மறந்து நின்றார். உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"நேர்காணலுக்குப் பதில் சொல்லி பாத்ரூம்ல பழகினா எனக்குக் கேக்காதா? நான் முடிச்சு வேலைக்குப் போனதும் நீங்க படிங்க."

"சரி, அவங்க என்ன சொன்னாங்க?"

"அந்த ஆள் ஒத்துழைக்கறாரான்னாங்க. விஷயம் தெரியாமலேயே பிரமாதமா ஒத்துழைக்கறார்னு சொன்னேன்."