எழுந்து போன தம்பி

இதை எனக்கு முதலில் சொன்னது லூசியானே என்ற எங்கள் சபைப் பெண். போன ஈஸ்டருக்கு முந்தின வாரம், டோங்காக்காரர்கள் நாங்கள் குடியேறிய மவுண்ட் ட்ரூயிட்டில், எங்கள் தேவாலயச் சமையலறையில், சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்து மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். பிற்பாடு நடந்ததை நானே பார்த்தேன். நான் கூட்டிச் சொல்ல இதில் இடமில்லை. கூட்ட வேண்டியதை எல்லாம் அலுவலகமே கூட்டிவிட்டது.

கல்யாணம் ஆனவர்கள் ஒரே வீட்டில் இருப்பது உலக வழக்கம். எங்கள் மெலெனைதேயும் அப்படித்தான் நினைத்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண். டோங்காவில் வவாவு தீவுக்குப் போய் ஃபெலெதியைக் கட்டிக்கொண்டாள். ஊரே சாப்பிட்டது. திரும்பி வந்தபோது வயிற்றில் பிள்ளை. பிரசவத்துக்கு முன் புருஷன் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று விசாவுக்கு விண்ணப்பித்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

விண்ணப்பம் பிளங்கெட் என்ற அலுவலரிடம் போனது. அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம், நல்ல மனிதர். உலகத்தில் யாரும் யாரையும் உண்மையாகக் கட்டிக்கொள்வதில்லை என்பது மட்டுமே அவர் கொள்கை. "கர்ப்பமானது சந்திப்பு நடந்ததைக் காட்டுகிறதே ஒழிய உறவு நடந்ததைக் காட்டவில்லை" என்று எழுதிவிட்டு, சாட்சி விசாரிக்க அவள் தம்பி சேமிசிக்குப் போன் போட்டார்.

எங்களில் அக்காவும் தம்பியும் வளர்ந்த பிறகு ஒரே அறையில் உட்கார்ந்து படம்கூடப் பார்க்க மாட்டார்கள். அக்காளின் அந்தரங்கத்தை யாராவது பேச்செடுத்தால் தம்பி எழுந்து போய்விட வேண்டும். அதுதான் மரியாதை. சேமிசி லாரி ஓட்டுகிறவன், மலை மாதிரி உடம்பு, ஆனால் இந்த விஷயத்தில் பச்சைப்பிள்ளை.

"உங்க அக்காவும் அவரும் ஒரே கட்டில்லதான் படுத்தாங்களா?" என்று கேட்டார் பிளங்கெட்.

"சார், அவங்க என் அக்கா."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

சேமிசி போனை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் லாரியைக் கழுவ ஆரம்பித்தான். பிளங்கெட் பொறுமைசாலி. தண்ணீர்ச் சத்தத்தை வெகுநேரம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார்: "அக்காளின் திருமணத்தைப் பற்றிக் கேட்டதும் சாட்சி வாகனம் கழுவச் சென்றதாகத் தெரிகிறது. சொந்தத் தம்பியே திருமணத்தைவிட வாகனத்தைப் பெரிதாகக் கருதும் நிலையில், விசா மறுக்கப்படுகிறது."

ஜெபக்கூட்டத்தில் நாங்கள் சேமிசிக்காக ஜெபித்தோம். ஆமென் சொன்ன கையோடு அவனைத் திட்டினோம்.

"வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் லூசியானே.

"அக்கா விஷயம் அத்தை. எப்படிச் சொல்றது?"

"உன் மரியாதையைக் கொண்டுபோய் லாரியில ஏத்து. பிள்ளை பொறக்கப் போகுதுடா."

பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. தகப்பன் போனில்தான் பார்த்தான்.

மெலெனைதே நீதிமன்றம் போனாள். வக்கீல் டோபின் அம்மாள் நிதானமாக விளக்கினாள்.

"நீங்க நிஜமாவே புருஷன் பெண்டாட்டியான்னு நீதிபதி பார்க்க மாட்டார்."

"பின்னே எதைப் பார்ப்பார்?"

"அலுவலர் சரியான முறையில முடிவெடுத்தாரான்னு."

"அவர் முடிவே தப்பாச்சே."

"தப்பா முடிவெடுக்க அவருக்கு அதிகாரம் உண்டும்மா. முறைப்படி தப்பு பண்ணினாரா, முறைகெட்டுத் தப்பு பண்ணினாரா, அதுதான் வழக்கு."

விசாரணையன்று குழந்தை வீறிட்டு அழுதது. அலுவலர் முடிவெடுத்த நாளில் இந்தக் குழந்தை இல்லாததால் நீதிமன்றத்தின் பார்வையிலும் அது இல்லை என்றார் அரசாங்க வக்கீல். நீதிபதி ஒப்புக்கொண்டார். பிறகு, இல்லாத குழந்தை அழுது முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

"சாட்சி எங்கே?" என்றார் நீதிபதி.

"வெளியே நடையில நிக்கறார். அக்கா உள்ளே இருக்கறப்ப இந்தப் பேச்சு நடக்கற அறைக்குள்ள வர மாட்டார். அது அவங்க மரியாதை" என்றாள் டோபின்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி ஏன் எழுந்து போனான் என்று அலுவலர் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை, ஆகவே இது முறைகெட்ட தப்பு என்றார். மறுப்பை ரத்து செய்தார். நாங்கள் வாசலில் நின்று துதிப்பாட்டுப் பாடினோம். பாடி முடித்த பிறகுதான், விண்ணப்பம் அதே அலுவலகத்துக்கே திரும்பிப் போகிறது என்று டோபின் சொன்னாள்.

அலுவலகம் சும்மா இருக்கவில்லை. இப்போதெல்லாம் எந்த அலுவலகத்திலும் பண்பாட்டுப் பயிற்சிதான் மோஸ்தர். எல்லாரும் கால்சட்டைக்கு மேல் நாங்கள் மரியாதைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பாயைக் கட்டிக்கொண்டு, கேக் வெட்டி, எங்களைப் புரிந்துகொண்டார்கள். முடிவில் ஒரு புது விதி பிறந்தது: டோங்கர் குடும்பத்தில் சகோதரன் எழுந்து போனால் திருமணம் உண்மை.

இதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? சேமிசி பாட்டுக்குப் போதகரோடு உட்கார்ந்து பதில் சொல்லப் பழகிக்கொண்டிருந்தான்.

புது அலுவலர் ஹார்கிரீவ் அம்மாள் ஆசையாகப் போன் செய்தாள். அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, அவன் எழுந்து போவதற்காகக் காத்திருந்தாள்.

"ஒரே கட்டில்தான் மேடம். ஒரே போர்வை" என்றான் சேமிசி.

"நீங்க... போகலையா?"

"இல்ல மேடம். கேளுங்க."

"தண்ணி குடிக்கக்கூட?"

"வேணாம் மேடம்."

"எழுந்திருக்கணும்னு தோணவே இல்லையா?"

"தோணுது மேடம். நாற்காலியைப் பிடிச்சிட்டு இருக்கேன்."

அந்த அம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டு எழுதினாள்: "சாட்சி இறுதிவரை எழுந்து போகவில்லை. டோங்கப் பண்பாட்டின்படி இத்திருமணம் உண்மையெனக் கொள்ள இயலாது." அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அதில் சேர்த்து மெலெனைதேக்கு அனுப்பினாள். அவள் படித்துவிட்டாள். அது தெரிந்த நாளிலிருந்து சேமிசி அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மருமகளான அந்தக் குழந்தையையும் பார்க்கவில்லை.

டோபின் மட்டும் உற்சாகமாக இருக்கிறாள். இந்தத் தப்பு போன தப்பைவிட நல்ல தப்பாம். மறுபடி நீதிமன்றம் போகலாமாம். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. ஃபெலெதி இன்னும் வவாவுவில்தான்.

போன சனிக்கிழமை இங்கே ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் மாமன் முதலிரவைப் பற்றி ஏதோ கேலி பேசினார். பெண்ணின் அண்ணன் காதில் விழாததுபோல் பன்றிக்கறியைத் தின்றுகொண்டிருந்தான்.

"பாத்தியா, எழுந்தே போகலை. இது நிஜக் கல்யாணம்தானா அக்கா?" என்று லூசியானே என் விலாவில் இடித்தாள்.

சிரிக்காதீர்கள். நானும் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

சேமிசி இப்போது ஆராதனைக்குப் பிந்தி வந்து, கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, முதல் ஆளாகப் போய்விடுகிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தால் அவன் பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் கேட்காதீர்கள்.